ரஹீம் சாஹிப் என்னும் ஆசிரியர்

நூற்றாண்டு மலருக்கு, நான் மதிக்கும் ஒரு பெரியவரின் வாழ்க்கையைப் பற்றி எழுதும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, வைத்தியத் துறையைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி எழுதுவேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். நான் தெரிவுசெய்தது ஓர் உதைபந்தாட்டப் பயிற்றுவிப்பாளரை. அவர் எமது நாட்டவருமல்லர், தமிழருமல்லர். ஆனால் அவர் அடிப்படையில் ஒரு பாடசாலை ஆசிரியர். ஒரு பாடசாலையின் நூறாவது ஆண்டில் நினைக்கத் தகுந்த பாடமொன்று அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது.

சையத் அப்துல் ரஹீம் 1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் திகதி ஹைதராபாத்தில் பிறந்தார். அது அன்று நிஜாம் மன்னரின் ஆட்சியிலிருந்த சமஸ்தானம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் கற்ற காலத்திலேயே அதன் உதைபந்தாட்ட அணியில் ஆடினார். பட்டம் பெற்றபின் ஆசிரியத் தொழிலை ஏற்றார். பின்னர் உடற்கல்வியில் டிப்ளோமா பெற்று, ஹைதராபாத்தின் தாருல் உலூம், சாதர்காட் உயர்நிலைப் பாடசாலைகளில் விளையாட்டுக்குப் பொறுப்பாக இருந்தார். காலையில் அணிவகுப்பு, பகலில் வகுப்பு, மாலையில் மைதானம். எமது உடற்கல்வி ஆசிரியைகள் நன்கறிந்த நாளாந்த ஒழுங்குதான் அது.

1940களில் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவரிடம் வந்தது. ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணியைப் பயிற்றுவிக்கும் பொறுப்பையும் அவர் ஏற்றார். அக்காலத்தில் இந்தியாவில் உதைபந்தாட்டம் என்றால் கல்கத்தாதான். மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், மொஹமடன் ஸ்போர்ட்டிங் ஆகிய பெரிய கழகங்களின் புகழுக்கு முன்னால் தக்காணத்துப் பொலிஸ் அணியொன்றை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ஆனால் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 ஆண்டுகள் பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை அந்தப் பொலிஸ் அணியே வென்றது. மாநிலங்களுக்கிடையிலான சந்தோஷ் கிண்ணத்தையும் 1950களின் நடுப்பகுதியில் ஹைதராபாத் அடுத்தடுத்து இரு முறை கைப்பற்றியது.

இந்த வெற்றிகளின் வேர் பெரிய போட்டிகளில் இல்லை. அவர் சிறுவர்களுக்காக நடத்திய சின்னஞ்சிறு போட்டிகளில் இருக்கிறது. வலக்காலால் மட்டுமே பந்தடித்துப் பழகிய பிள்ளைகளுக்காக, பழகாத காலால் மட்டும் ஆடவேண்டும் என்ற விதியோடு ஒரு போட்டி. பந்தைத் தானே கொண்டோடும் ஆசையை அடக்குவதற்காக, வந்த பந்தை உடனே அடுத்தவருக்குத் தட்டிவிட வேண்டும் என்ற விதியோடு இன்னொன்று. உயரம் குறைந்தவர்கள் மட்டும் ஆடக்கூடிய போட்டி மற்றொன்று. பெரிய பையன்களின் தோளுக்குக் கீழே மறைந்துபோகும் சிறுவனுக்கும் திறமை இருக்கலாம், அதைக் காண்பதற்கு அவனுக்கென ஒரு மைதானம் வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

இதை வாசித்தபோது எனக்கு எமது பாடசாலை மைதானம் நினைவுக்கு வந்தது. வகுப்பில் ஆகக் குட்டையானவள் நான். வலைப்பந்தாட்டத்துக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் தேயிலை மலையோரத்து மண்மேட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவள். ஒரு நாள் எங்கள் ஆசிரியை குட்டைப் பிள்ளைகளை மட்டும் சேர்த்து இரண்டு அணிகளாகப் பிரித்து ஆடவிட்டார். அதன் பின்னர்தான் எனக்கும் ஓடத் தெரியும் என்பது எனக்கே தெரிந்தது. அந்த ஆசிரியை ரஹீமைப் பற்றி அறிந்திருக்க வாய்ப்பில்லை. நல்லாசிரியர்கள் எந்த ஊரில் இருந்தாலும் ஒரே வழியைக் கண்டுபிடித்து விடுகிறார்கள் போலும்.

1950களின் தொடக்கத்தில் ரஹீம் இந்திய தேசிய அணியின் பயிற்றுவிப்பாளரானார். 1951இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவின் இறுதிப் போட்டியில் மேவாலால் போட்ட ஒரேயொரு கோலினால் ஈரானை வென்று இந்தியா தங்கம் பெற்றது. ஆனால் அடுத்த ஆண்டே பெரும் அடி விழுந்தது. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா 10 கோல்கள் போட, இந்தியாவுக்குக் கிடைத்தது ஒன்றுதான். குளிரில், பழக்கமில்லாத தரையில், வீரர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். அதன் பின்னரே சப்பாத்து அணிந்து ஆடுவது இந்தியாவில் கட்டாயமாக்கப்பட்டது.

தோல்வியை ரஹீம் மாணவனின் பரீட்சைத்தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எங்கே புள்ளி போனது, ஏன் போனது என்று ஆராய்ந்தார். ஐரோப்பியர்களின் உடல் வலிமைக்கு எதிராக வேகத்தையும் குறுகிய பந்துப் பரிமாற்றத்தையும் வளர்த்தார். பின்வரிசையில் நால்வர், நடுவில் இருவர், முன்வரிசையில் நால்வர் என நிற்கும் முறையையும் இந்திய அணிக்குப் பழக்கினார். 1958 உலகக் கிண்ணத்தில் பிரேசில் உலகறியச் செய்த முறை அது.

அந்த உழைப்பின் பலன் 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் தெரிந்தது. போட்டியை நடத்திய அவுஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4 இற்கு 2 என இந்தியா வென்றது. நெவில் டி சூசா அன்று 3 கோல்கள் போட்டார். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தின் அரையிறுதிக்குச் சென்ற முதலாவது ஆசிய நாடு என்ற பெருமை இந்தியாவுக்குக் கிடைத்தது. அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவிடம் 4 இற்கு 1 எனத் தோற்றாலும், முதல் கோலைப் போட்டது இந்தியாதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் 10 கோல்கள் வாங்கிய அணியா இது என்று கேட்கத்தக்க மாற்றம். வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று நான்காமிடத்தோடு திரும்பினார்கள்.

அவர் உருவாக்கிய வீரர்களுள் எம்மவர்களும் உண்டு என்பது எமக்குப் பெருமை. துளசிதாஸ் பலராம் செகந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ஏழைப் பையன். அவனுடைய ஆட்டத்தைக் கண்ட ரஹீம் ஹைதராபாத்துக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னார். அவ்வளவு தூரம் வந்துபோக வழியில்லை என்று அறிந்ததும் சைக்கிளுக்குத் தாமே பணம் கொடுத்தார். அந்தப் பையன்தான் பின்னர் 1960 ரோம் ஒலிம்பிக்கில், பலம்வாய்ந்த ஹங்கேரிக்கு எதிராக இந்தியாவின் கோலைப் போட்டவர். சென்னைப் படைப்பிரிவிலிருந்து வந்த நெடிய கோல் காப்பாளர் பீட்டர் தங்கராஜும் ரஹீமின் அணிகளில் ஆடியவரே. தோட்டத்து லயத்திலிருந்து பல மைல் நடந்து பாடசாலைக்கு வந்தவர்களுக்கு அந்தச் சைக்கிள் பணத்தின் பெறுமதியை நான் விளக்க வேண்டியதில்லை. திறமை இருந்தும் பஸ் காசு இல்லாமல் நின்றுபோன பிள்ளைகளை ஊவாவில் நாம் எல்லோரும் அறிவோம்.

1962இல் ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டு விழா நடந்தது. அப்போது ரஹீமின் உடலில் நுரையீரல் புற்றுநோய் பரவிக்கொண்டிருந்தது. இன்று எமது கையிலிருக்கும் மருந்துகள் பல அன்றில்லை. அறுவைச் சிகிச்சை, கதிர்வீச்சு ஆகியவற்றைத் தாண்டி வைத்தியர்கள் செய்யக்கூடியது சொற்பம். மூச்சு வாங்கும் ஒரு மனிதர் மைதானத்தின் ஓரத்தில் நின்று மணிக்கணக்கில் பயிற்சி கொடுப்பது என்றால் என்னவென்று வைத்தியர் என்ற வகையில் நான் அறிவேன். அது மன உறுதி மட்டுமல்ல. உடல் ஒவ்வொரு நிமிடமும் கொடுக்கும் விலை.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2 இற்கு 0 எனத் தோல்வி. தாய்லாந்தை வென்ற ஆட்டத்தில் பின்வரிசையின் தூணான ஜர்னைல் சிங்கின் தலையில் காயம்பட்டுத் தையல் போடவேண்டியதாயிற்று. ஜப்பானை வென்று அரையிறுதிக்கு வந்தபோது ரஹீம் யாரும் எதிர்பாராத முடிவொன்றை எடுத்தார். தலையில் கட்டோடிருந்த ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார். இளமையில் அவர் முன்வரிசையில் ஆடியவர் என்பதை ஆசிரியர் மறக்கவில்லை. அரையிறுதியில் தென் வியட்நாமை 3 இற்கு 2 என இந்தியா வென்றது.

இறுதிப் போட்டி செப்டெம்பர் 4ஆம் திகதி. எதிரணி மீண்டும் தென் கொரியா. இஸ்ரேலுக்கும் தாய்வானுக்கும் இந்தோனேசியா இடங்கொடுக்காததை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்திருந்தபடியால் ஜகார்த்தா மக்கள் கொதித்துப்போயிருந்தார்கள். ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர் நிறைந்த அரங்கு முழுவதும் இந்திய வீரர்களுக்கு எதிராகக் கூச்சலிட்டது. அந்தக் கூட்டத்தில் தமக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹொக்கி வீரர்கள் என்பதைப் பின்னாளில் இந்திய வீரர்கள் நன்றியோடு சொல்லிவந்திருக்கிறார்கள்.

போட்டிக்கு முன்னர் ரஹீம் தம் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார். தமக்கு ஒரு பரிசு தாருங்கள், அது தங்கப் பதக்கமாக இருக்கட்டும் என்பதே அது. காய்ச்சலிலிருந்து தேறிவந்த தங்கராஜை கோல் காப்பாளராக நிறுத்தினார். ஆட்டம் தொடங்கி 20 நிமிடங்களுக்குள் பி. கே. பானர்ஜி ஒரு கோலும் ஜர்னைல் சிங் ஒரு கோலும் போட்டார்கள். இறுதி நிமிடங்களில் தென் கொரியா ஒன்றைத் திருப்பியது; அதற்கு மேல் முடியவில்லை. தலைவர் சுனி கோஸ்வாமியின் அணி தங்கத்தோடு வெளியே வந்தது.

ஒன்பது மாதங்களின் பின்னர், 1963 ஜூன் 11ஆம் திகதி, ரஹீம் சாஹிப் காலமானார். அவருக்கு 53 வயது.

வழமையாக இத்தகைய வாழ்க்கைக் கதைகள் இவ்விடத்தில் முடிந்துவிடும். ஆனால் எனக்கு முக்கியமாகப்படுவது இதற்குப் பின்னால் நடந்ததுதான். அவர் விட்டுச்சென்ற வீரர்களின் பலத்தில் 1964 ஆசியக் கிண்ணத்தில் இந்தியா இரண்டாமிடம் பெற்றது. 1970 ஆசிய விளையாட்டு விழாவில் வெண்கலம் கிடைத்தது. அதன் பின்னர் இறக்கமே. 1962இன் பின் இன்றுவரை ஆசிய விளையாட்டு விழா உதைபந்தாட்டத்தில் இந்தியா தங்கம் வெல்லவில்லை. 1960இன் பின் ஒலிம்பிக் உதைபந்தாட்டத்துக்குத் தகுதி பெறவுமில்லை. ஒரு காலத்தில் தேசிய அணியின் பாதியை அனுப்பிய ஹைதராபாத்தின் பெயரும் மெல்ல மங்கிப்போயிற்று.

இதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். மற்றைய ஆசிய நாடுகள் வேகமாக வளர்ந்தன என்பதும் உண்மை. ஆயினும் ஒன்று தெளிவு. ரஹீம் சாஹிப் அறிந்ததில் பெரும்பகுதி அவருடைய தலைக்குள் இருந்தது. சிறுவர் போட்டிகளை யார் நடத்துவது, அடுத்த பலராமை யார் தேடிப் போவது, சைக்கிளுக்கு யார் பணம் கொடுப்பது என்பதற்கு அவரைத் தவிர வேறு ஏற்பாடு இருக்கவில்லை. குற்றம் அவருடையதல்ல. ஒரு தனிமனிதர் எல்லாவற்றையும் சுமந்தபோது, அவரைச் சுற்றியிருந்தவர்கள் சுமைதாங்கி ஒன்றைக் கட்டவில்லை.

வைத்தியசாலையில் கடமை முடிந்து போகும் வைத்தியர், வருகின்ற வைத்தியரிடம் ஒவ்வொரு நோயாளியையும் பற்றிச் சொல்லி ஒப்படைத்துவிட்டே போகவேண்டும். எவ்வளவு கெட்டிக்கார வைத்தியராக இருந்தாலும், அந்த ஒப்படைப்பு ஒழுங்காக நடக்காவிட்டால் விடியும்போது நோயாளி ஆபத்தில் இருப்பார். பாடசாலை என்பது நூறு ஆண்டுகளாக நடந்துவரும் ஓர் ஒப்படைப்பு. ஓர் அதிபர் போக இன்னோர் அதிபர் வருகிறார். ஆசிரியைகள் ஓய்வு பெறுகிறார்கள். கற்ற பிள்ளையே ஆசிரியையாகத் திரும்பி வருகிறாள். எமது மலைச்சரிவுப் பாடசாலையில் ரஹீம் போன்ற பெரும்புகழ் பெற்றவர்கள் இல்லாதிருக்கலாம். ஆனால் ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடங்கினார். அதனால்தான் நூறு ஆண்டு.

பழைய மாணவிகளாகிய நாம் இந்த ஆண்டில் விழா எடுக்கிறோம், மலர் வெளியிடுகிறோம். நல்லது. அதோடு, எமக்குக் கற்பித்த ஆசிரியைகள் இன்னும் எம்மோடு இருக்கும்போதே அவர்கள் எப்படிக் கற்பித்தார்கள் என்று கேட்டு எழுதிவைப்போம். பிள்ளைகளின் விளையாட்டுக்கும் பிரயாணத்துக்கும் ஒரு நிதியை, எந்தவொருவரின் தயவிலும் தங்கியிராதபடி, சங்கத்தின் பெயரில் நிலைநிறுத்துவோம். மண்மேட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் குட்டைப் பிள்ளை இன்றும் எமது மைதானத்தில் இருக்கிறாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட, இன்றிருப்பவர் போன பின்னும் ஒருவர் இருக்கவேண்டும்.