நிணநீர் கண்ட இளைஞர்

குருதி உடலெங்கும் சுற்றியோடுவதை ஆங்கில மருத்துவர் ஆர்வி 1628இல் உலகுக்கு உணர்த்தினார். ஆயினும், நம் உடலில் வேறோர் ஆறும் ஓடுகின்றது. அதனைக் கண்டு கூறியவருள் முன்னிற்பவர் சுவீடன் நாட்டு ஓலாவ் ரூட்பெக்.

1630இல் கிறித்தவ ஆயர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்த அவர், உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். உணவின் சாரம் ஈரலை அடைந்தே குருதியாகும் என்பது கிரேக்க மருத்துவர் கலேனின் கொள்கை. பன்னூறாண்டுகளாக அதனை மறுப்பார் அரியர். குடலிலிருந்து சாரங்கொண்டு செல்லும் குழாய்களை 1622இற் கண்ட இத்தாலியர் அசெல்லியும், அவை ஈரலுக்கே செல்வன என்று எண்ணினார்.

1650, 1651ஆம் ஆண்டுகளில் விலங்குகளை அறுத்து ஆராய்ந்த ரூட்பெக், நிறமற்ற நீர் நிறைந்த மெல்லிய குழாய்களை ஈரலருகே கண்டார். அந்நீர் ஈரலுக்குட் செல்லாது, அதனினின்றும் வெளியேறுவதைக் கண்டு தெளிந்தார். 1652இல் அரசி கிறித்தீனாவின் முன்னிலையில் நாயொன்றை அறுத்துக் காட்டினார். அப்பொழுது அவருக்கு வயது 21. எனினும், டென்மார்க்கு அறிஞர் பார்த்தலின் 1653இல் முந்தி நூல் வெளியிட்டமையால், முதன்மை யாருக்கென்ற வழக்கு நெடிது நடந்தது.

குருதிக்குழாய்களிலிருந்து கசியும் நீரின் பெரும்பகுதி மீண்டும் குருதியிற் சேரும். எஞ்சியதை நிணநீர்க் குழாய்கள் ஏந்திச் சென்று, கழுத்தடியிலுள்ள நாளங்களிற் சேர்க்கின்றன. அதனைச் செலுத்தத் தனி இதயம் இல்லை. குழாய்களின் சுருக்கமும் தசைகளின் அசைவும் மூச்சுமே செலுத்துவன. வழியிலுள்ள கணுக்கள் நோய்க்கிருமிகளைத் தடுக்கின்றன. குழாய்கள் பழுதுற்றால் உறுப்பு வீங்கும். யானைக்கால் நோய் அத்தகையது.

பிற்காலத்தில் ரூட்பெக் நாட்டுப்பற்று மிகுந்து, பிளேட்டோ கூறிய அத்திலாந்திசு தம் நாடே என்று நிலைநாட்ட, 1679 முதலாகப் பெருநூலொன்றை வெளியிட்டார். பின்வந்த அறிஞர் அதனை ஏற்றிலர். 1702இல் உப்சாலா தீப்பற்றியது. தம் இல்லம் எரியவும், எழுபது கடந்த அம்முதியவர் பல்கலைக்கழகக் கட்டடத்தைக் காக்கப் பாடுபட்டார். கட்டடம் பிழைத்தது, அவர் அவ்வாண்டிலேயே மறைந்தார்.

விழைந்ததை மெய்யென நாட்ட எழுதிய பெருநூல் வீழ்ந்தது. இளமையிற் கண்ணாரக் கண்டு கூறிய சிறுநூல் நின்றது. கல்வி வழி நடப்போர் இவ்விரண்டையும் மறவாதிருத்தல் நன்று.