சோவியத் அணியை வீழ்த்திய கல்லூரிப் பயிற்சியாளர்: ஹெர்ப் புரூக்ஸின் வாழ்க்கை

1980-ம் ஆண்டு குளிர்கால ஒலிம்பிக்கில், பெரும்பாலும் கல்லூரி வீரர்களைக் கொண்ட அமெரிக்க ஐஸ் ஹாக்கி அணி, யாராலும் அசைக்க முடியாது என்று கருதப்பட்ட சோவியத் யூனியன் அணியை 4-3 என்ற கணக்கில் வென்றது. அந்த ஓர் ஆட்டத்தின் பெயரால்தான் பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ் இன்றும் அறியப்படுகிறார். ஆனால் அதற்கான அடித்தளத்தை, அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அவர் அமைதியாக இட்டிருந்தார்.

அமெரிக்காவின் வடகோடியில், குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துபோகும் மாநிலம் மின்னசோட்டா. அதன் தலைநகரான செயின்ட் பாலில் 1937 ஆகஸ்ட் 5-ம் தேதி புரூக்ஸ் பிறந்தார். 1955-ல் அவரது பள்ளி மாநில சாம்பியன் பட்டம் வென்றது. பின்னர் மின்னசோட்டா பல்கலைக்கழக அணியில் ஜான் மரியூச்சி என்ற பயிற்சியாளரின் கீழ் விளையாடினார். அமெரிக்கக் கல்லூரி அணிகளில் கனடா வீரர்கள் நிறைந்திருந்த காலம் அது. உள்ளூர் இளைஞர்களுக்கே வாய்ப்பு வேண்டும் என்று விடாமல் வாதாடியவர் மரியூச்சி. அந்தக் கொள்கையை புரூக்ஸ் கடைசிவரை கைவிடவில்லை.

1960 ஒலிம்பிக்குக்கான அமெரிக்க அணியில் புரூக்ஸ் இடம்பெற்றிருந்தார். போட்டி தொடங்கச் சில நாட்களே இருந்த நிலையில், இன்னொரு வீரருக்கு இடமளிப்பதற்காக அவர் நீக்கப்பட்டார். அந்த அணி தங்கம் வென்றது. இறுதி ஆட்டத்தைத் தந்தையுடன் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்ததாகவும், பயிற்சியாளர் சரியான ஆளைத்தான் நீக்கியிருக்கிறார் என்று தந்தை சொன்னதாகவும் புரூக்ஸ் பின்னாளில் கூறியதுண்டு. கேலியாகச் சொல்லப்பட்டதோ என்னவோ, அவரால் அதை மறக்க முடியவில்லை. 1964, 1968 ஒலிம்பிக் போட்டிகளில் விளையாடியபோதும் பதக்கம் கிட்டவில்லை. பிழைப்புக்காகக் காப்பீட்டுத் துறையில் விற்பனையாளராகப் பணியாற்றினார்.

1972-ல் மின்னசோட்டா பல்கலைக்கழக அணியின் பொறுப்பு அவரிடம் வந்தது. தொடர் தோல்விகளால் துவண்டு கிடந்த அணி அது. இரண்டே ஆண்டுகளில், 1974-ல், பல்கலைக்கழகத்தின் முதல் தேசியக் கல்லூரி சாம்பியன் பட்டத்தை அது வென்றது. 1976, 1979-ம் ஆண்டுகளிலும் பட்டம் கிடைத்தது. அணியினர் பெரும்பாலும் மின்னசோட்டா மண்ணில் பிறந்தவர்கள். கனடா பாணியின் முரட்டு மோதலை மட்டும் நம்பாமல், சோவியத் வீரர்களைப் போல ஓயாமல் இடம் மாறி, பந்துக்குப் பதிலாகப் பயன்படும் ரப்பர் வட்டைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்டே முன்னேறும் ஆட்டத்தை அவர் கற்றுக்கொடுத்தார். அத்தகைய ஆட்டத்துக்கு அசாத்தியமான உடல் வலிமை வேண்டும். எனவே அவரது பயிற்சி கடுமையாக இருந்தது.

1979-ல் ஒலிம்பிக் அணியின் பயிற்சியாளரானார். தொழில்முறை வீரர்களுக்கு ஒலிம்பிக்கில் அனுமதி இல்லாத காலம் என்பதால் கல்லூரிகளையே அவர் நாட வேண்டியிருந்தது. இறுதியில் தேர்வான 20 பேரில் 9 பேர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் அவரிடம் பயின்றவர்கள். 4 பேர் பாஸ்டன் பல்கலைக்கழகத்தினர். இதில்தான் சிக்கல் இருந்தது. 1976 தேசிய அரையிறுதியில் இவ்விரு பல்கலைக்கழக அணிகளும் ஆடுகளத்திலேயே கைகலப்பில் இறங்கியவை. அந்தப் பகை ஆறவில்லை. புரூக்ஸ் கண்ட தீர்வு விசித்திரமானது: வீரர்கள் அனைவரும் சேர்ந்து வெறுக்கும் பொது எதிரியாகத் தன்னையே ஆக்கிக்கொண்டார். அவர்களிடமிருந்து விலகியே இருந்தார். தட்டிக்கொடுக்கும் வேலையை உதவிப் பயிற்சியாளர் கிரெய்க் பேட்ரிக்கிடம் விட்டுவிட்டார்.

1979 செப்டம்பரில் நார்வேயில் நடந்த பயிற்சி ஆட்டம் 3-3 என சமனில் முடிந்தது. வீரர்கள் அசட்டையாக ஆடியதாகக் கருதிய புரூக்ஸ், ஆட்டம் முடிந்ததும் அவர்களை வெளியேற விடவில்லை. ஆடுகளத்தின் ஒரு முனையிலிருந்து ஒவ்வொரு கோடாகத் தொட்டுத் தொட்டுத் திரும்பும் ஓட்டத்தை மீண்டும் மீண்டும் செய்யவைத்தார். அரங்க விளக்குகள் அணைக்கப்பட்ட பின்னும் அது தொடர்ந்தது. இன்றைய நிர்வாகங்கள் இதைப் பொறுத்துக்கொள்ளுமா என்பது சந்தேகமே.

அவருக்கு இன்னும் கடினமான வேலை ஒன்று காத்திருந்தது. ஒலிம்பிக் நெருங்கியபோது கடைசியாகச் சிலரை நீக்க வேண்டியிருந்தது. அவர்களுள் ஒருவர் ரால்ஃப் காக்ஸ். 20 ஆண்டுகளுக்கு முன் தனக்கு நேர்ந்ததையே தன் கையால் இன்னொருவருக்குச் செய்தார் புரூக்ஸ்.

போட்டிக்குச் சில நாட்களுக்கு முன் நியூயார்க்கில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் சோவியத் அணி 10-3 என அமெரிக்காவை நொறுக்கியது. லேக் பிளாசிட் நகரில் ஒலிம்பிக் தொடங்கியது. சுவீடனுடனான முதல் ஆட்டத்தில், தொடையில் அடிபட்டு உட்கார்ந்திருந்த ராப் மெக்லனகனை எல்லோர் முன்னிலையிலும் கடுமையாக ஏசினார் புரூக்ஸ். கொதித்தெழுந்த அந்த வீரர் வலியோடு களமிறங்கினார். 27 விநாடிகள் மீதமிருக்கையில் அடித்த கோலால் அமெரிக்கா 2-2 எனத் தப்பியது. அடுத்து வலுவான செக்கோஸ்லோவாக்கியாவை 7-3 எனத் தோற்கடித்தது.

பிப்ரவரி 22. எதிரே, முந்தைய நான்கு ஒலிம்பிக்குகளிலும் தங்கம் வென்ற சோவியத் அணி. முதல் பகுதி முடிய ஒரு விநாடி இருக்கும்போது மார்க் ஜான்சன் கோல் அடித்து 2-2 என சமன் செய்தார். சோவியத் பயிற்சியாளர் விக்டர் திகோனொவ், உலகின் சிறந்த கோல்கீப்பரான திரெத்தியாக்கை அத்துடன் மாற்றிவிட்டார்; இன்றுவரை விவாதிக்கப்படும் முடிவு அது. இரண்டாம் பகுதியில் சோவியத் அணி 3-2 என முந்தியது. கடைசிப் பகுதியில் 81 விநாடி இடைவெளியில் ஜான்சனும் அணித்தலைவர் மைக் எருசியோனியும் அடித்த இரு கோல்கள் ஆட்டத்தைத் திருப்பின. மொத்தத்தில் சோவியத் அணி 39 முறையும் அமெரிக்கா 16 முறை மட்டுமே கோலை நோக்கி அடித்திருந்தன. அரங்கம் ஆர்ப்பரித்தபோது புரூக்ஸ் தனியே உள்ளே நடந்துசென்றார். தங்கம் அப்போதும் உறுதியாகவில்லை. பிப்ரவரி 24-ல் பின்லாந்தை 4-2 என வென்ற பிறகே அது வந்தது.

அதன்பின் சுவிட்சர்லாந்தின் டாவோஸ், நியூயார்க் ரேஞ்சர்ஸ் உள்ளிட்ட தொழில்முறை அணிகளுக்குப் பயிற்சியளித்தும் பழைய உயரத்தை அவர் தொடவில்லை. இடையே 1986-87-ல் செயின்ட் கிளவுட் ஸ்டேட் என்ற சிறிய கல்லூரி அணியை ஓராண்டு வழிநடத்தினார்; அடுத்த ஆண்டே அது முதல்நிலைப் பிரிவுக்கு உயர்ந்தது. 2002 ஒலிம்பிக்கில் மீண்டும் அமெரிக்கப் பயிற்சியாளராகி வெள்ளிப் பதக்கம் பெற்றுத் தந்தார்.

2003 ஆகஸ்ட் 11-ம் தேதி மின்னசோட்டாவின் ஃபாரஸ்ட் லேக் அருகே நெடுஞ்சாலையில் நேர்ந்த வாகன விபத்தில், 66-வது வயதில் புரூக்ஸ் உயிரிழந்தார். அவர் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை. 1980 வெற்றியைச் சொல்லும் 'மிராக்கிள்' திரைப்படம் அடுத்த ஆண்டு வெளியானது. லேக் பிளாசிட் அரங்குக்கு 2005-ல் அவர் பெயர் சூட்டப்பட்டது. 2006-ல் கனடாவின் டொரொண்டோவில் உள்ள ஹாக்கி புகழ்மன்றத்தில் அவர் சேர்க்கப்பட்டார்.