வில்லியம் விதரிங்

இங்கிலாந்து நாட்டின் சிராப்சயர் பகுதியிலுள்ள வெல்லிங்டன் என்னும் ஊரில் 1741-ஆம் ஆண்டு வில்லியம் விதரிங் பிறந்தார். எடின்பரோ பல்கலைக் கழகத்தில் மருத்துவம் பயின்று 1766-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில் அவருக்குச் செடிநூலில் விருப்பம் இருந்ததில்லை. பின்னர் அத்துறையிலேயே ஆழ்ந்த புலமை எய்தி, பிரித்தானியத் தாவரங்களைப் பற்றி 1776-ஆம் ஆண்டில் ஒரு பெருநூல் வெளியிட்டார்.

அக்காலத்தில் உடலில் நீர் கோத்து, காலும் வயிறும் வீங்கும் நோயால் பலர் மாண்டனர். அந்நோய்க்குரிய குடும்ப மருந்து ஒன்றைப் பற்றி 1775-ஆம் ஆண்டு விதரிங்கின் கருத்துக் கேட்கப்பட்டது. சிராப்சயரில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர் அதனை நெடுநாள் மறைபொருளாகக் காத்து வந்தார். மருத்துவர்களால் தீராத நோயும் சிலருக்கு அதனால் தீர்ந்தது. அதில் இருபது அளவில் மூலிகைகள் கலந்திருந்தன. அவற்றுள் நோயைத் தீர்ப்பது, விரலுறை போன்ற பூக்களையுடைய டிஜிட்டாலிஸ் செடியே என விதரிங் தம் செடிநூல் அறிவால் தெளிந்தார்.

ஆயினும் அச்செடி நஞ்சுடையது. அளவு மிகுந்தால் வாந்தியும் மயக்கமும் தோன்றும். காணும் பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரியும். நாடி மிகத் தளர்ந்து உயிரும் நீங்கும். எனவே, உயிர் காக்கும் அளவு எது, உயிர் போக்கும் அளவு எது என்பதை அறிய அவர் பத்தாண்டுகள் உழைத்தார். இலையின் ஆற்றல் பருவத்திற்கேற்ப மாறுவதைக் கண்டு, செடி பூக்குங்காலத்தில் இலைகளைப் பறித்து உலர்த்திப் பொடி செய்தார். சிறிது சிறிதாகக் கொடுத்து, தீய குறி தோன்றியவுடன் நிறுத்தினார்.

1785-ஆம் ஆண்டு தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். குணமடைந்தோரை மட்டும் எடுத்துரைத்திருப்பின் அவர் புகழ் மிகுந்திருக்கும். பின்வரும் மருத்துவரோ அளவறியாது நோயாளிகளைக் கொன்றிருப்பர். ஆதலின், குணமடையாதோரையும் இறந்தோரையும் அவர் மறையாது எழுதினார்.

அம்மருந்து இதயத்தின் இயக்கத்தை மாற்றுவதை அவர் கண்டிருந்தார். காரணம் பின்னரே விளங்கிற்று. அது இதயத் தசையை வலுவாகச் சுருங்கச் செய்கிறது. அதனால் சிறுநீரகங்களுக்குக் குருதி நன்கு பாய்ந்து, தேங்கிய நீர் வெளியேறுகிறது. அவ்வினச் செடியொன்றிலிருந்து 1930-ஆம் ஆண்டு பிரித்தெடுக்கப்பட்ட டிகாக்சின் என்னும் மருந்து இன்றும் அளவறிந்தே வழங்கப்படுகிறது.

நெடுநாள் நுரையீரல் நோயால் வருந்திய விதரிங் 1799-ஆம் ஆண்டு பர்மிங்காம் நகரில் காலமானார். அவரது நினைவுக் கல்லில் டிஜிட்டாலிஸ் செடி செதுக்கப்பட்டுள்ளது. நஞ்சை மருந்தாக்கியது அவரது அறிவு; அம்மருந்தைப் பிறர் அஞ்சாது கையாளச் செய்தது அவரது வாய்மை.