பதவியைத் துறந்த நீதியரசர்



நீதி வழங்கும் ஆசனம் இஸ்லாத்தின் பார்வையில் பெருமைக்குரிய பட்டமன்று. அஃது ஓர் அமானிதம். நீதிபதிகள் மூவகையினர் என்றும், உண்மையை உணர்ந்து அதன்படி தீர்ப்பளிக்கும் ஒரு வகையினரே சுவனம் புகுவர் என்றும் அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள், கலீபா மன்ஸூர் வற்புறுத்தி அளித்த காஜிப் பதவியை ஏற்க மறுத்துச் சிறை புகுந்தார்கள். ஹிஜ்ரி 150-இல் பக்தாதில் இறையடி சேர்ந்தார்கள். இமாம் அவர்கள் பதவியை ஏற்கவே மறுத்தார்கள். ஏற்ற பதவியை விட வேண்டிய வேளை வந்தபோது விட்டுச் சென்ற ஒருவர் நம் சென்னை மாநகரிலேயே வாழ்ந்து மறைந்தார். அவர்தாம் நீதியரசர் மு. மு. இஸ்மாயில்.

மேற்கு மாம்பலத்து அன்பர்கள் மின்சார ரயிலேறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால், சற்றுத் தொலைவில் உயர்நீதிமன்றத்தின் செந்நிறக் கோபுரங்களைக் காணலாம். 1892-இல் திறக்கப்பெற்ற அம்மாளிகையில்தான் அவர் நீதி வழங்கினார்.

ஷாஹுல் ஹமீது ஆண்டகை அடங்கியுள்ள நாகூரில் 1921 பிப்ரவரி 8-ஆம் நாள் பிறந்த அவர், 1967-இல் தில்லி உயர்நீதிமன்ற நீதிபதியாக நியமனம் பெற்று, அவ்வாண்டிலேயே சென்னைக்கு வந்தார். கம்பனின் காவியத்தில் தோய்ந்து, சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராகத் திகழ்ந்தார். தம் மார்க்கத்தில் உறுதியாக நின்றுகொண்டே பிற சமயத்தார் போற்றும் காவியத்தின் நயங்களை எடுத்துரைத்தார். நடுநிலை என்பது அவருக்கு நீதிமன்றத்தில் மட்டும் அணிந்துகொள்ளும் அங்கியாக இருக்கவில்லை.

நெருக்கடி நிலையின்போது, 1976 பிப்ரவரியில், சென்னை மத்தியச் சிறையில் அரசியல் கைதிகள் தாக்கப்பட்டனர். அக்கொடுமையை விசாரிக்கும் பொறுப்பு 1977-இல் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சிறைச் சுவருக்குள் நிகழ்ந்ததைச் சிறைக்குள் இருந்தவர்களே அறிவர்; அடித்தவர்களோ அதிகாரம் படைத்தவர்கள். எனினும், அடித்தது உண்மையே என்று அவருடைய அறிக்கை உலகறியச் செய்தது.

1979 நவம்பரில் அவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். 1980-இல் சில நாட்கள் தமிழகத்தின் தற்காலிக ஆளுநராகவும் பொறுப்பு வகித்தார். அதன் பின்னரே சோதனை வந்தது. 1981 ஜனவரியில், அவரைக் கேரளத்திற்கும், பாட்னா தலைமை நீதிபதி கே. பி. என். சிங் அவர்களைச் சென்னைக்கும் மாற்றி ஆணை பிறந்தது.

வாசகர்களே, இதில் என்ன தீங்கு என்று நீங்கள் வினவலாம். அவருடைய ஊதியம் குறையவில்லை. தலைமை நீதிபதி என்னும் தகுதியும் மாறவில்லை. தலைமை நீதிபதி வெளிமாநிலத்தவராக இருப்பது நடுநிலைக்கு நல்லது என்ற வாதமும் உண்டு. ஆயினும், நெருக்கடி நிலையின்போது 1976-இல் நீதிபதிகள் 16 பேர் மாற்றப்பட்டதை நாடு மறந்திருக்கவில்லை. விரும்பியபோது நீதிபதியை இடம் பெயர்க்கும் வல்லமை ஆள்வோர் கையில் இருந்தால், அரசை எதிர்த்து ஏழை ஒருவன் தொடுக்கும் வழக்கில் தீர்ப்பெழுதும் கை சற்றே நடுங்காதா? அந்நடுக்கத்தினால் இழப்பு அடைபவர் நீதிபதியல்லர். நீதி நாடி வந்த அவ்வேழையே.

மாற்றல்களை எதிர்த்து வழக்குகள் எழுந்தன. இஸ்மாயில் அவர்களோ, இவ்விஷயத்தில் தம் பெயராலோ தம் நன்மைக்காகவோ எவரும் வழக்காட வேண்டாம் என்று தெரிவித்துவிட்டார். விடுப்பில் சென்றார்; கேரளப் பதவியை ஏற்கவில்லை. 62 வயது நிறைவடைய 1983 பிப்ரவரி வரை காலம் இருந்தும், 1981 ஜூலையில் பதவியைத் துறந்தார். அதே ஆண்டு டிசம்பர் 30-இல் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அளித்த தீர்ப்பு, சிங் அவர்களின் மாற்றலைப் பெரும்பான்மையால் செல்லத்தக்கதாக்கியது. நியமனத்தில் அரசின் கையே ஓங்கிற்று. 1993-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்நிலையை மாற்றி, நியமனத்திலும் மாற்றலிலும் தலைமை நீதிபதியின் கருத்துக்கே முதன்மை அளித்தது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே நம் நீதியரசர் மாளிகையை விட்டு வெளியேறியிருந்தார். தமிழ்ப் பணியில் எஞ்சிய நாட்களைக் கழித்து, 2005-இல் மறைந்தார்.

நீதித்துறையின் சுதந்திரத்தைச் சட்டங்கள் வேலியிட்டுக் காக்கலாம். ஆயினும், ஆசனத்தை இழக்க அஞ்சுபவர் அதில் அமர்ந்திருந்தால் அவ்வேலியால் பயன் என்ன? நமக்கும் தீர்ப்பளிக்கும் ஆசனங்கள் உண்டு. ஜமாஅத்தின் பஞ்சாயத்தில், சொத்துப் பிரிவினையில், மக்களிடையே எழும் பூசலில் நாமும் நீதிபதிகளே. உறவுக்கும் செல்வாக்குக்கும் அஞ்சாமல், நமக்கே எதிராக இருப்பினும் நீதியில் நிலைத்திருக்குமாறு அந்நிஸா அத்தியாயத்தில் இறைவன் பணித்திருப்பதை இன்றைய ஜுமுஆவில் நினைவுகூர்வோம்.

வல்ல அல்லாஹ் நம் நாட்டின் நீதிமான்களுக்கு அஞ்சாத நெஞ்சத்தையும், நமக்கு நடுநிலை தவறாத நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.