தோட்டாவையும் சேர்த்தே செய்த ஜான் பிரௌனிங்

1870களில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் குடியேறிய ஒருவர், முதன்முதலாக ஒரு கைத்துப்பாக்கி வாங்கக் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். விலையும் அழகும் பிறகு. தன் ஊர் மளிகைக் கடையில் அதற்குரிய தோட்டா கிடைக்குமா என்பதுதான் அவருடைய முதல் கேள்வியாக இருந்திருக்கும். அந்த நாளில் பல டஜன் அளவுகளில் தோட்டாக்கள் விற்பனையில் இருந்தன. ஒன்று மற்றொன்றின் துப்பாக்கியில் பொருந்தாது. உரிய தோட்டா தீர்ந்துவிட்டால் கையில் இருப்பது வெறும் இரும்புதான்.

இதைப் புரிந்துகொண்ட கோல்ட் நிறுவனம் 1878இல் ஒரு நல்ல காரியம் செய்தது. வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873ஆம் ஆண்டு ரைஃபிள் அப்போது பரவலாகப் புழங்கியது. அந்த ரைஃபிளின் 0.44 அங்குலத் தோட்டாவையே ஏற்கும் வகையில் தன் புகழ்பெற்ற ரிவால்வரையும் செய்து விற்றது. தோளில் ரைஃபிள், இடுப்பில் ரிவால்வர், இரண்டுக்கும் ஒரே தோட்டாப் பெட்டி. மக்கள் விரும்பி வாங்கினார்கள்.

அந்தக் காலத்தில், யூட்டா மாநிலத்தின் ஓக்டன் நகரில் தந்தையின் துப்பாக்கிப் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தவர்தான் ஜான் மோசஸ் பிரௌனிங். 1855இல் பிறந்தவர். தந்தை ஜோனதன் பிரௌனிங்கும் துப்பாக்கி செய்வதில் கைதேர்ந்தவர். மோர்மன் சமயத்தைச் சேர்ந்த அவருக்கு மூன்று மனைவியர், 22 பிள்ளைகள். பெரிய குடும்பம், சிறிய வருமானம். உடைந்த ஏர், கலப்பை, பூட்டு எல்லாமே அந்தப் பட்டறைக்குப் பழுதுபார்க்க வரும்.

பத்து வயதில் ஜான், பட்டறைக் குப்பையில் கிடந்த பழைய துப்பாக்கிக் குழல் ஒன்றை எடுத்து, ஒரு மரப்பலகையில் கட்டி, தம்பி மேட்டுடன் சேர்ந்து பறவை வேட்டைக்குப் போனதாக அவர் குடும்பத்தில் சொல்வார்கள். மறுநாள் காலை உணவில் அந்தப் பறவை இறைச்சியைச் சாப்பிட்ட தந்தை, பத்து வயதுப் பையன் இதைவிட நன்றாகச் செய்திருக்கலாமே என்று குறைப்பட்டுக்கொண்டாராம். கடுமையான ஆசிரியர்தான்!

ஜான் முறையான பொறியியல் படிப்பு படித்தவர் அல்லர். வரைபடம் தீட்டி வேலை செய்யும் வழக்கமும் அவரிடம் இல்லை. பாகங்கள் எப்படி நகரும் என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பார். பிறகு தகட்டில் வெட்டி, அரத்தால் ராவி, நேரடியாக உருவாக்குவார். 1879இல் ஒற்றைத் தோட்டா ரைஃபிள் ஒன்றுக்கு அவருக்கு முதல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டில் தந்தை காலமானார். சகோதரர்கள் சேர்ந்து அந்த ரைஃபிளைக் கையால் செய்து விற்கத் தொடங்கினார்கள்.

அவற்றில் ஒன்று வின்செஸ்டர் நிறுவனத்தின் கண்ணில் பட்டது. 1883இல் அதன் தலைமை அதிகாரி டி.ஜி. பென்னட், நாட்டின் மறுகோடியிலிருந்து ரயிலேறி ஓக்டனுக்கு வந்து, 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிக்கொண்டார். அடுத்த 19 ஆண்டுகளில் பிரௌனிங்கின் நாற்பதுக்கும் மேற்பட்ட வடிவமைப்புகளை வின்செஸ்டர் வாங்கியது. பலவற்றை அது தயாரிக்கவே இல்லை. போட்டியாளர் கைக்குப் போய்விடக் கூடாது என்றே வாங்கிப் பூட்டி வைத்தது.

தயாரித்தவற்றில் ஒன்று 1894ஆம் ஆண்டு ரைஃபிள். முதலில் அது 0.32, 0.38 அங்குல அளவுகளில் இரண்டு பழைய கரும்பொடித் தோட்டாக்களுக்காக வெளிவந்தது. மறு ஆண்டே, புகையில்லாத புதிய வெடிமருந்து அடைத்த 0.30 அங்குலத் தோட்டாவுக்கும் அதே ரைஃபிள் கிடைத்தது. மான் வேட்டைக்காரர்கள் அதையே வாங்கிக் குவித்தார்கள். இன்றும் அமெரிக்காவின் சிற்றூர்க் கடைகளில்கூட அந்த 0.30 தோட்டா இருக்கும். முதலில் வந்த இரண்டுக்கும் தேடி அலைய வேண்டும். ரைஃபிளின் வடிவமைப்பு ஒன்றுதான். எந்த அளவில் வாங்கினார்கள் என்பதே வேறுபாடு.

1889இல் ஒரு நாள், சுடும் திடலில் நண்பர் சுடும்போது, குழல் வாயிலிருந்து சீறிய காற்று எதிரே இருந்த புற்களை வளைப்பதை ஜான் கவனித்தார். எத்தனையோ பேர் அதைப் பார்த்திருப்பார்கள். வீணாகப் போகும் அந்த விசையைக் கொண்டே அடுத்த தோட்டாவைத் துப்பாக்கி தானாக ஏற்றிக்கொள்ளச் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. பழைய ரைஃபிள் ஒன்றை மாற்றியமைத்துச் சில நாளில் செய்தும் காட்டினார். அந்த எண்ணத்திலிருந்து முதலில் ஓர் இயந்திரத் துப்பாக்கி பிறந்தது. சுடும் விசையைக் கொண்டே இயங்கும் ஆயுதம் என்ற அந்த நினைப்பு கைத்துப்பாக்கிப் பக்கமும் அவரைத் திருப்பியது.

அப்போது ஐரோப்பாவிலும் பலர் தானியங்கிக் கைத்துப்பாக்கி செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் மௌசர் நிறுவனமும், ஜார்ஜ் லூகரும் அவர்களுள் முக்கியமானவர்கள். ரிவால்வரில் தோட்டா ஓர் அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும். தானியங்கியில் அதன் நிலைமை வேறு. அடுக்கிலிருந்து வில்விசையால் மேலே தள்ளப்பட்டு, சரிவில் ஏறி, குழலுக்குள் நுழைய வேண்டும். வெடித்தபின் வெற்றுக்கூடு பிடித்திழுக்கப்பட்டு வெளியே எறியப்பட வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் இவ்வளவும் நடக்க, தோட்டாவின் நீளம், விளிம்பு, மருந்தின் விசை ஆகிய மூன்றும் துப்பாக்கியோடு ஒத்துப்போக வேண்டும். அதனால் பிரௌனிங் துப்பாக்கியை மட்டும் செய்து நிறுத்தவில்லை. அதற்குரிய தோட்டாவையும் சேர்த்தே வடிவமைத்தார். அவருடைய பெரும் வெற்றிக்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

அவருடைய பிஸ்டலைப் பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அருகில் உள்ள எஃப்.என். தொழிற்சாலை தயாரிக்க முன்வந்தது. அந்தப் பிஸ்டலும் அதற்கான 7.65 மில்லிமீட்டர் தோட்டாவும் 1899இல் வெளிவந்தன. தட்டையாக, சட்டைப் பையில் அடங்கும் அளவில் இருந்த அந்தத் துப்பாக்கி ஐரோப்பாவில் அமோகமாக விற்றது. பிரெஞ்சுக்காரர்கள் எந்தத் தானியங்கிக் கைத்துப்பாக்கியையும் 'பிரௌனிங்' என்றே அழைக்கும் அளவுக்கு அவர் பெயர் பரவியது.

இங்கே ஒரு வேடிக்கை. அதே 7.65 தோட்டாவுக்கு அமெரிக்காவில் பெயர் 0.32 ஏ.சி.பி. 1908இல் அவர் வடிவமைத்த இன்னொன்று அமெரிக்காவில் 0.380 ஏ.சி.பி.; ஜெர்மனியில் 9 மி.மீ. குர்ஸ்; இத்தாலியில் 9 மி.மீ. கோர்த்தோ. மூன்றும் ஒன்றே. மாறாக, 9 மி.மீ. என்று பெயர் இருந்தும் லூகரின் தோட்டா வேறு, பிரௌனிங்கின் நீளமான 9 மி.மீ. தோட்டா வேறு. பெயரைப் பார்த்து வாங்கி ஏமாந்தவர்கள் பலர் இருந்திருப்பார்கள்.

ஏமாற்றத்தோடு போகாமல் ஆபத்தில் முடியக்கூடிய ஒன்றும் உண்டு. பிரௌனிங் 1900இல் கோல்ட் நிறுவனத்துக்குச் செய்து கொடுத்த பிஸ்டலுக்கு 0.38 ஏ.சி.பி. என்ற தோட்டா. 1929இல் கோல்ட் அதே உருவ அளவில், அதைவிட அதிக அழுத்தம் தரும் 0.38 சூப்பர் தோட்டாவை வெளியிட்டது. புதியது பழைய துப்பாக்கிக்குள் ஒழுங்காக நுழையும். ஆனால் பழைய துப்பாக்கி அந்த அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. பழைய தோட்டா அரிதாகிப்போன இன்று, பொருந்துகிறதே என்று போட்டுப் பார்க்கும் ஆசைதான் அங்கே எதிரி.

பிரௌனிங்கின் எல்லாத் தோட்டாக்களும் நிலைத்துவிடவில்லை. அவருடைய நீளமான 9 மி.மீ. தோட்டாவுக்கான 1903ஆம் ஆண்டு பிஸ்டலை ஸ்வீடன் இராணுவம் 1907இல் ஏற்றுக்கொண்டது. உறுதியான, நல்ல துப்பாக்கி. ஆனால் உலகச் சந்தை வேறு பக்கம் போய்விட்டது. பிற்காலத்தில் அந்த ஸ்வீடன் துப்பாக்கிகள் பழைய சாமானாக அமெரிக்காவுக்கு வந்தபோது, பலவற்றின் குழலையே 0.380 தோட்டாவுக்கு ஏற்ப மாற்றியமைத்து விற்றார்கள். உரிய தோட்டா எளிதில் கிடைக்காதபோது வாங்க யார் வருவார்?

அவருடைய மிகப் புகழ்பெற்ற துப்பாக்கியின் கதை நம் சபா மாநிலத்துக்கு எதிரே, சூலு கடலுக்கு அப்பால் தொடங்குகிறது. பிலிப்பைன்ஸைக் கைப்பற்றிய அமெரிக்கர்களை, தென்பகுதித் தீவுகளின் மோரோ முஸ்லிம்கள் தங்கள் மண்ணைக் காக்க எதிர்த்தார்கள். தங்கள் 0.38 அங்குல ரிவால்வர் குண்டு பட்டும், வாளேந்தி வருபவர்கள் நிற்கவில்லை என்று அமெரிக்க அதிகாரிகள் புகார் அனுப்பினார்கள். கிடங்கில் கிடந்த பழைய 0.45 ரிவால்வர்களைத் தூசு தட்டி அனுப்ப வேண்டியதாயிற்று. 1904இல் சிகாகோவின் இறைச்சிக் கூடங்களில் உயிருள்ள மாடுகள் மீதும், பிணங்கள் மீதும் சுட்டு நடத்திய சோதனையில், 0.45 அங்குலத்துக்குக் குறைந்த குண்டு போதாது என்று இராணுவம் முடிவு செய்தது. அந்த அறிக்கையை இன்று படிப்பது எளிதல்ல.

அளவு முதலில் முடிவாகிவிட்டது, துப்பாக்கி பிறகு. பிரௌனிங் புதிய 0.45 தோட்டா ஒன்றையும் அதற்கேற்ற பிஸ்டலையும் வடிவமைத்தார். பல ஆண்டுகள் திருத்தங்கள் நடந்தன. 1911 மார்ச்சில் இறுதிச் சோதனை. ஒரே துப்பாக்கியில் 6,000 தோட்டாக்கள், இரண்டு நாள். பிரௌனிங் நேரில் நின்று பார்த்தார். போட்டியாகவந்த சாவேஜ் நிறுவனத்தின் துப்பாக்கி 37 முறை தடுமாறியது. பிரௌனிங்குடையது ஒருமுறைகூட இல்லை. மார்ச் 29ஆம் தேதி அது அமெரிக்க இராணுவத்தின் துப்பாக்கியானது.

1917இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியபோது பிஸ்டல்கள் போதவில்லை. ரிவால்வர் செய்யும் இயந்திரங்கள் சும்மா இருந்தன. ஆனால் போர்முனைக்கு இரண்டு வகைத் தோட்டா அனுப்பினால் குழப்பம். பிரௌனிங்கின் 0.45 தோட்டாவுக்கோ ரிவால்வருக்குத் தேவையான விளிம்பு இல்லை. சுட்டபின் கூட்டை வெளியே தள்ளப் பிடிமானம் கிடையாது. அரைவட்டமான மெல்லிய எஃகுத் தகடு ஒன்றில் மும்மூன்று தோட்டாக்களைக் கோத்துப் போட்டுச் சிக்கலைத் தீர்த்தார்கள். துப்பாக்கிக்குத் தோட்டா தேடும் காலம் போய், கையிலிருக்கும் தோட்டாவுக்காகத் துப்பாக்கியை மாற்றும் காலம் வந்துவிட்டது.

அந்தப் போருக்கு அவர் செய்துகொடுத்த இயந்திரத் துப்பாக்கி, சோதனையில் 48 நிமிடங்களுக்கு மேல் இடைவிடாமல் சுட்டது. அரசு கொடுக்க முன்வந்த தொகை 750,000 டாலர். உரிமைத்தொகையாகக் கேட்டிருந்தால் அதைப்போலப் பல மடங்கு கிடைத்திருக்கும். பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். உரிமைத்தொகை தர மறுத்ததற்காகவே 1902இல் வின்செஸ்டரை உதறிவிட்டுப் பெல்ஜியத்துக்குக் கப்பலேறிய அதே மனிதர்தான்.

அவர் செய்தவை யார் கைக்குப் போகும் என்பது அவர் கட்டுப்பாட்டில் இல்லை. 1914 ஜூன் 28ஆம் தேதி சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் பலிகொண்டது, எஃப்.என். தொழிற்சாலையில் உருவான பிரௌனிங் பிஸ்டல், 0.380 அளவு. அதைத் தொடர்ந்து வந்த போரில் மாண்டவர்கள் கோடிக்கணக்கில். துப்பாக்கி மேதை என்று அவரைப் புகழும் நூல்கள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகின்றன. உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலே சிறை என்ற சட்டம் உள்ள நாட்டில் வாழும் நமக்கு அப்படிப் புரட்ட மனம் வருவதில்லை.

நம் வானத்திலும் அவர் பெயர் ஒலித்திருக்கிறது. 1941இல் மலாயாவையும் சிங்கப்பூரையும் காத்த பஃபலோ போர் விமானங்களில் இருந்தவை 0.50 அங்குல பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கிகள். ஜப்பானிய விமானங்களின் வேகத்துக்கு ஈடுகொடுக்க, எடையைக் குறைப்பதற்காகச் சிலவற்றில் அவற்றைக் கழற்றிவிட்டு இலகுவான 0.303 துப்பாக்கிகளைப் பொருத்தினார்கள். அவையும் பிரௌனிங் வடிவமைப்பே.

ஜான் பிரௌனிங் 1926 நவம்பர் 26ஆம் தேதி, எஃப்.என். தொழிற்சாலையில், மகன் வாலின் அறையில் மாரடைப்பால் இறந்தார். அப்போது 128 காப்புரிமைகள் அவர் பெயரில் இருந்தன. பிரெஞ்சு இராணுவம் கேட்ட புதிய பிஸ்டல் ஒன்று மேசைமேல் அரைகுறையாக இருந்தது. வாழ்நாளெல்லாம் தன் தோட்டாவுக்குத் துப்பாக்கி செய்தவர், இந்தக் கடைசித் துப்பாக்கியை லூகரின் 9 மி.மீ. தோட்டாவுக்காகச் செய்துகொண்டிருந்தார். ஏனெனில் அதற்குள் ஐரோப்பாவில் அதுவே நன்கு வேரூன்றியிருந்தது.

அதை டியுடொன்னே சேவ் என்ற பெல்ஜியப் பொறியாளர் முடித்து 1935இல் வெளிக்கொணர்ந்தார். 13 தோட்டாக்கள் கொண்ட அந்தப் பிஸ்டலைப் பெல்ஜியம் ஏற்றது. பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் படைகள் ஏற்றன. கேட்ட பிரான்ஸ் மட்டும் வேண்டாம் என்றது. தனக்கென்று 7.65 மி.மீ. நீளத் தோட்டா ஒன்றையும், அதற்கொரு பிஸ்டலையும் தேர்ந்தெடுத்துக்கொண்டது. வேறு எந்தப் பெரிய நாடும் அந்த அளவைப் பின்பற்றவில்லை. 1950இல் பிரான்சும் 9 மி.மீட்டருக்கே மாறியது. அந்தப் பழைய பிரெஞ்சுப் பிஸ்டல்களை வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள் இன்றும் தோட்டா தேடிக்கொண்டிருக்கிறார்கள்.