உமறுப் புலவரும் சொற்களின் ஹிஜ்ரத்தும்

நத்தம் என்னும் நம் ஊர்ப் பெயரையே முதலில் எடுத்துக்கொள்வோம். வருவாய்த்துறை ஏடுகளில் அது மக்கள் குடியிருக்கும் நிலத்தைக் குறிக்கும். வடமொழியின் 'நக்தம்' தமிழில் 'நத்தம்' ஆகி இரவைக் குறிக்கும். திருக்குறளில் அதே சொல் ஆக்கம் என்னும் பொருளில் நிற்கும். ஒலி ஒன்றே, வேரும் பொருளும் வெவ்வேறு. ஓர் ஊர்ப் பெயரே இத்துணை வழிகளைக் காட்டுமாயின், கடல் கடந்து வந்த சொற்கள் எத்தனை வழிகளைக் காட்டும்!

நம் மாணவருள் சிலர், இல்லத்தில் நாள்தோறும் வழங்கும் தீன், நபி முதலிய சொற்களைத் தேர்வுத்தாளில் எழுத அஞ்சுகின்றனர். அவை தமிழுக்குப் புறம்பானவை என்னும் ஐயமே அவ்வச்சத்திற்குக் காரணம். அவ்வையத்தை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தம் வாழ்வாலும் வாக்காலும் தீர்த்து வைத்தவர் உமறுப் புலவர்.

பிறப்பும் கல்வியும்

உமறுப் புலவரின் காலத்தை 1642 முதல் 1703 வரை எனக் கொள்வர். அவர்தம் தந்தையார் சேகு முகம்மது அலியார் வாசனைப் பொருள் வணிகர் என்பது மரபு. எட்டயபுரத்தில் வளர்ந்த உமறு, அவ்வரண்மனைப் புலவராகிய கடிகைமுத்துப் புலவரிடம் இலக்கணமும் இலக்கியமும் கற்றார். வடபுலத்திலிருந்து வந்த வாலைவாருணி என்னும் புலவரை இளமையிலேயே வாதில் வென்றார் என்றும், அதனால் அரசவைப் புலவராக உயர்ந்தார் என்றும் செவிவழிச் செய்திகள் கூறும். இந்து ஆசான் இசுலாமிய மாணவருக்குத் தமிழை வரையாது வழங்கினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

காப்பியம் பிறந்த வரலாறு

சேது நாட்டில் செல்வாக்குடன் விளங்கிய கீழக்கரை வள்ளல் சீதக்காதி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாகக் காண விழைந்தார். அப்பணியை உமறுவிடம் ஒப்படைத்தார். மூலச் செய்திகள் அரபு மொழியில் இருந்தமையால் புலவர், மார்க்கப் பேரறிஞர் சதக்கத்துல்லா அப்பா அவர்களை நாடினார். அரசவைப் புலவர்க்குரிய ஆடை அணிகளோடு வந்த உமறுவுக்கு அப்பெரியார் முதலில் இசையவில்லை என்றும், பின்னர்க் கனவு ஒன்றால் மனம் மாறி இசைந்தார் என்றும் கூறுவர். அறிஞர் வழியாகப் பொருளைப் பெற்று, உமறு பாடத் தொடங்கினார்.

சொல் பெற்ற புது வாழ்வு

நூலின் பெயரே ஓர் ஆராய்ச்சிக்குரியது. 'சீறா' என்பது 'ஸீரா' என்னும் அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். அதன் வேர் நடத்தல், செல்லுதல் என்னும் பொருளுடையது. அவ்வேரிலிருந்து ஒழுகலாறு என்றும், வாழ்க்கை வரலாறு என்றும் பொருள் விரிந்தது. தமிழிலும் 'நட' என்னும் வினையினின்று 'நடத்தை' பிறந்தது. 'ஒழுகு' என்பதினின்று 'ஒழுக்கம்' பிறந்தது. உறவில்லாத இரு மொழிகள் ஒரே எண்ணத்தை ஒரே வழியில் எட்டியுள்ளமை வியப்புக்குரியது. உருதுவில் இச்சொல் 'சீரத்' என நின்று குணநலனையும் குறிக்கும்.

அரபு இலக்கணத்தில் 'ஸீரா' பெண்பாற் சொல், தமிழிலோ அஃறிணை. 'சீறு' என்னும் வினையடியாகக் கொண்டால், 'சீறா' என்பது சினம் கொள்ளாத என்னும் எதிர்மறைப் பெயரெச்சமாகவும் நிற்கும். சினம் தவிர்த்த செம்மலின் வரலாற்றுக்கு அத்தற்செயற் பொருளும் பொருந்துகின்றது. 'புராணம்' என்பது வடசொல். எனவே அரபும் வடமொழியும் தமிழ்ப் புணர்ச்சி விதியால் இணைந்து 'சீறாப்புராணம்' ஆயின.

விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று பிரிவுகளும், 92 படலங்களும், 5027 விருத்தங்களும் கொண்டது அந்நூல். காண்டப் பெயர்கள் முறையே பிறப்பு, நபித்துவம், இடப்பெயர்வு எனப் பொருள்படுவன. இவற்றின் இறுதி எழுத்து, 'ஸீரா' என்னும் சொல்லின் இறுதியில் உள்ள அதே அரபு எழுத்தாகும். அது சொல் தனித்து நிற்கையில் தகர ஒலியின்றி முடியும். தொடர்கையில் தகரமாக ஒலிக்கும். தமிழ் இரு வடிவங்களையும் ஏற்றது: ஒன்று 'சீறா' என முடிந்தது, மற்றவை குற்றியலுகரம் பெற்று 'ஹிஜ்ரத்து' என்றாற்போல் முடிந்தன.

'நபி' என்னும் சொல் எபிரேய மொழியின் 'நவி' என்பதற்கு உறவானது. அரபியில் அதன் பன்மை சொல்லின் உள்ளேயே மாறி 'அன்பியா' ஆகும். தமிழிலோ விகுதி ஏற்று 'நபிமார்' ஆகும். 'நபிகள்' என்னும்போது, 'அடிகள்' என்பது போல, பன்மை விகுதி ஒருவரையே உயர்த்திக் கூறும்.

'தீன்' என்பதை நோக்குக. அரபியில் அது சமயநெறி. தீர்ப்பு என்றும் பொருள்படும். வடமொழியில் 'தீன' என்பது எளியவரைக் குறிக்கும். தமிழில் 'தின்' என்பதன் வழிவந்த தீன் உணவாகும். நம் வகுப்பில் நூருத்தீனும் தீனதயாளனும் ஒரே பலகையில் அமர்ந்து தீன்பண்டம் பகிர்ந்துண்பர். அங்கே மும்மொழிச் சொற்கள் கூடியிருப்பதை எவரும் எண்ணுவதில்லை!

சொற்கள் வந்தது போலவே தமிழ்ச் சொற்களும் புதுப்பொருள் ஏற்றன. தொழுகையும் நோன்பும் இசுலாமியக் கடமைகளின் பெயர்களாயின. உறங்கும் இடத்தையும், துறவியர் உறைவிடத்தையும், கல்விச்சாலையையும் குறித்த 'பள்ளி', இறையில்லத்திற்கும் உரியதாயிற்று. மலையாளத்தில் அது கிறித்தவ ஆலயத்தையும் குறிக்கும்.

புலவரின் பெயரும் இதற்குச் சான்று. அரபியில் 'உமர்' என்பது எல்லா வேற்றுமை ஈறுகளையும் ஏலாத பெயர்களுள் ஒன்றென இலக்கண நூலோர் காட்டுவர். தமிழில் 'உமறு' ஆனதும் உமறை, உமறால், உமறுக்கு என அது தடையின்றி வேற்றுமை உருபுகளை ஏற்றது.

நிறைவும் நினைவும்

காப்பியம் முற்றுப்பெறுமுன் சீதக்காதி மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார். நன்றி மறவாத புலவர் அவரை நூலுள் பல இடங்களில் போற்றினார். எனினும், நாயகத்தின் முழு வரலாறும் அதில் இடம்பெறவில்லை; எஞ்சியதைப் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா'வாகப் பாடினார். ஓலையிலிருந்த சீறா 1842இல் சேகு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்களின் முயற்சியால் அச்சேறியது. செய்குத்தம்பிப் பாவலர் அதற்கு உரை கண்டார். எட்டயபுரத்தில் அடங்கியுள்ள புலவருக்கு 2007இல் தமிழக அரசு அவ்வூரில் மணிமண்டபம் திறந்தது.

ஹிஜ்ரத் என்பது பிறந்த ஊரை நீங்குதல் மட்டுமன்று. சென்ற ஊரில் உறவாகி வாழ்தலும் ஆகும். மக்காவை நீங்கி, 622இல் மதீனா சேர்ந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை அம்மக்கள் தம்மவராகவே ஏற்றனர். அவ்வாறே உமறுவின் நாவில் அரபுச் சொற்கள் தமிழின் ஒலியையும் உருபையும் ஏற்றுத் தமிழ்க்குடிகளாயின. ஆகவே, மாணவச் செல்வங்களே, உங்கள் அன்னையர் வழங்கும் சொற்களை எழுத அஞ்சாதீர்! அவை எங்குப் பிறந்தன என ஆராய்க. இன்று எம்மொழியின் இலக்கணத்தில் நடக்கின்றன என்பதையும் உணர்க.