முன்பாரம், பின்பாரம்: காலின் சாப்மன் கதை

மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றுகிறவர் டிப்ளமோ படித்தவர் இல்லை. ஆனாலும் முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே தூக்கிக்கொள்ளும் என்பது அவருக்கு அத்துப்படி. ரெண்டு மூட்டையை அரை அடி முன்னே தள்ளச் சொல்லி வண்டியைச் சமன் பண்ணிவிடுவார். நாம் மெக்கானிக்ஸ் வகுப்பில் கணக்குப் போட்டுப் பார்க்கிற சமாச்சாரம்தான் இது. இதையே மோட்டார் காரில் வைத்துக்கொண்டு வாழ்நாள் பூராவும் விளையாடிய ஒரு ஆள் இங்கிலாந்தில் இருந்தார். லோட்டஸ் கார் கம்பெனியை ஆரம்பித்த காலின் சாப்மன்.

ஆண்டு மலர் என்றால் எடிசனும் ஹென்றி ஃபோர்டும் தவறாமல் வந்துவிடுகிறார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை. ஆனால் பழைய வண்டியைப் பிரித்துப்போட்டு, தன் கையால் வேறொரு வண்டியாகக் கட்டிப் பார்க்கணும் என்ற ஆசை உள்ள மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் நண்பர்களுக்கு இவர் கதைதான் அதிகம் உபயோகப்படும் என்று நினைக்கிறேன்.

சாப்மன் 1928 மே 19 அன்று லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தார். அப்பா வட லண்டன் ஹார்ன்சியில் ஒரு ரயில்வே ஹோட்டலை நடத்தியவர். பையன் 1945-ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் சேர்ந்தான். படித்தது ஆட்டோமொபைல் அல்ல, கட்டமைப்புப் பொறியியல். அதாவது பாலம், கூரைச் சட்டம், எந்தக் கம்பியில் எவ்வளவு இழுவிசை, எவ்வளவு அழுத்தம் என்கிற படிப்பு. கூடவே பல்கலைக்கழக விமானப் படைப் பிரிவில் சேர்ந்து விமானம் ஓட்டவும் பழகினான். பின்னால் அவர் செய்த கார்கள் எல்லாவற்றிலும் பாலமும் விமானமும்தான் தெரியும். கடைசிப் பரீட்சையில் கணக்குப் பேப்பர் தவறிப்போய், 1949-ல் மறுபடி எழுதித்தான் டிகிரி வாங்கினார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த வரியைக் கத்தரித்து வீட்டில் காட்டலாம்!

படிக்கிற காலத்திலேயே ஒரு நண்பரோடு சேர்ந்து பழைய கார் வாங்கி விற்கும் வியாபாரம் செய்தார். 1947 கடைசியில் பிரிட்டிஷ் அரசு சொந்த உபயோகத்துக்கான பெட்ரோல் ரேஷனை நிறுத்தியதும் வியாபாரம் படுத்துவிட்டது. நஷ்டத்துக்கு விற்றதுபோக மிஞ்சியது ஒரே ஒரு பழைய ஆஸ்டின் செவன். 747 சி.சி., விலை போகாத வண்டி. அதைத்தான் காதலி ஹேசல் வில்லியம்ஸ் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் வைத்துப் பிரித்தார். பழைய பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டில் புதிய பாடி கட்டினார். அதைச் சும்மா மூடுகிற பெட்டியாகக் கட்டவில்லை. சேஸிஸோடு சேர்ந்து முறுக்கத்தைத் தாங்கும்படி, விமான உடம்பு போலக் கட்டினார். 1948-ல் முடிந்த இந்த வண்டிதான் முதல் லோட்டஸ்.

அந்த வண்டி ஓடியது ரேஸ் டிராக்கில் அல்ல, சேற்று மேட்டில். டிரயல்ஸ் என்று இங்கிலாந்தில் ஒரு போட்டி உண்டு. சகதி வழுக்கும் ஏற்றத்தில் யார் நிற்காமல் அதிக தூரம் ஏறுகிறார்கள் என்பதுதான் பந்தயம். இதில் குதிரைத்திறன் ரெண்டாம் பட்சம். பின்சக்கரம்தான் தள்ளுகிறது, ஆகவே பின்சக்கரத்தின் மேல் பாரம் வேணும். பக்கத்தில் உட்காருகிறவர் தம் எடையைப் பின்பக்கம் போட்டுத் துள்ளித் துள்ளி டயருக்குப் பிடிப்பு உண்டாக்குவார். ஹேசலும் அப்படிப் போட்டிக்குப் போனவர்தான். எடை எவ்வளவு என்பதைவிட எடை எங்கே என்பது முக்கியம் என்று சாப்மனுக்குச் சேறு சொல்லிக் கொடுத்திருக்கிறது.

இங்கே கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம். ஒரு காரை எடை மேடைக்கு ஓட்டிப் போய், முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை எடுக்கிறோம். வண்டி மட்டமாக நிற்கணும், அது முக்கியம். முன்னால் 360 கிலோ, பின்னால் 440 கிலோ, வீல்பேஸ் 2,400 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 2,400-ஐ 440-ஆல் பெருக்கி மொத்த எடை 800-ஆல் வகுத்தால் 1,320. முன் அச்சிலிருந்து 1,320 மில்லிமீட்டர் தூரத்தில் ஈர்ப்பு மையம் இருக்கிறது. 45-க்கு 55, லேசான பின்பாரம். இப்போது பிரேக் போடுங்கள். ஈர்ப்பு மையத்தின் உயரம் 500 மில்லிமீட்டர், வேகக் குறைப்பு புவியீர்ப்பில் பாதி என்றால், 83 கிலோ பின்னாலிருந்து முன்னால் குதிக்கும். முன்னால் 443, பின்னால் 357. பிரேக்கைத் தொட்டதும் பின்பார வண்டி முன்பார வண்டியாகிவிட்டது! வண்டியின் எடை குறைந்தாலும், ஈர்ப்பு மையம் தாழ்ந்தாலும் இந்தக் குதிப்பும் குறையும். எடையைக் குறைக்கணும் என்று சாப்மன் பிடிவாதம் பிடித்ததற்கு இது ஒரு காரணம். என்ஜின் சக்தியைக் கூட்டினால் நேர் ரோட்டில் லாபம். எடையைக் குறைத்தால் வளைவிலும் லாபம், பிரேக்கிலும் லாபம், டயர் தேய்மானத்திலும் லாபம்.

1952-ல் லோட்டஸ் கம்பெனி தொடங்கியது. ஹேசல் கொடுத்த 25 பவுன் கடன், அப்பாவின் ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம், அவ்வளவுதான் முதலீடு. (1954-ல் ஹேசலையே கல்யாணமும் செய்துகொண்டார்.) அங்கே செய்த மார்க் சிக்ஸ் காரின் சட்டம் மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாக வெல்டிங் செய்த ஸ்பேஸ் ஃப்ரேம். வெறும் சட்டம் சுமார் 25 கிலோ, ஒரு சிமென்ட் மூட்டையில் பாதி! காரை முழுசாக விற்காமல் பாகம் பாகமாக விற்றார். அப்போதைய சட்டப்படி பாகமாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் கொள்முதல் வரி கிடையாது. வாங்கினவர்கள் தம் கையில் இருந்த ஃபோர்டு என்ஜினையோ எம்.ஜி. என்ஜினையோ மாட்டிக்கொண்டார்கள். சட்டம் லேசாக லேசாக, என்ஜின் பங்கு கூடிக்கொண்டே போகும். கனமான காரில் 40 கிலோ கூடுதல் என்ஜினை மூக்கில் வைத்தால் தெரியாது. இதில் வைத்தால் ஸ்டியரிங்கை ஒடித்தாலும் வண்டி நேரே இழுத்துக்கொண்டு போகும். பழைய வண்டிக்குப் பெரிய என்ஜின் மாட்டுகிற எல்லோரும் இதை யோசிக்கணும்.

1957-ல் வந்த செவன் இந்த வரிசையின் உச்சம். அரை டன்னுக்கும் குறைவான எடை. கதவு கிடையாது. ஓட்டுகிறவர் பின் அச்சுக்குச் சற்றே முன்னால், கிட்டத்தட்ட அதன் மேலேயே உட்காருவார். அவர் எடையும் சமநிலைக் கணக்கில் ஒரு பாகம். குண்டானவர் வாங்கினால் கணக்கு மாறும் என்பது வேறு விஷயம். 1973-ல் அதன் உரிமையைக் கேட்டர்ஹாம் கம்பெனி வாங்கியது. இன்றும் அந்த வண்டியைச் செய்து விற்கிறார்கள்.

அதே 1957-ல் எலீட் என்றொரு கார். சேஸிஸ் என்ற சாமானே இல்லாமல், ஃபைபர் கிளாஸ் உடம்பே பாரம் தாங்கும்படி செய்தது. எடை சுமார் 500 கிலோ. பார்த்தவர்கள் மயங்கினார்கள், கம்பெனிக்கு நஷ்டம்.

ஒரு விஷயத்தில் சாப்மன் முந்திக்கொள்ளவில்லை. ரேஸ் காரில் என்ஜினை டிரைவருக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் வைத்து வெற்றி காட்டியது கூப்பர் கம்பெனி. 1959-ல் ஜாக் பிராபம் அந்தக் காரில் உலகச் சாம்பியன் ஆனார். சாப்மன் அப்போதும் முன்புறம் என்ஜின் வைத்துக்கொண்டிருந்தார். என்ஜின் நடுவுக்கு வந்தால் என்ன லாபம்? காவடித் தண்டின் இரு முனையிலும் குடத்தைக் கட்டிக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள், தண்டு உங்களைத் திரும்ப விடாது, திரும்பிவிட்டால் நிற்கவும் விடாது. அதே குடங்களைத் தோளருகே நகர்த்திக் கட்டினால் பம்பரமாகத் திரும்பலாம். ரெண்டிலும் பாரம் சரிபாதிதான். ஆகவே 50-க்கு 50 என்பதோடு கதை முடிவதில்லை. புரிந்ததும் சாப்மன் சும்மா இருக்கவில்லை. 1960-ல் லோட்டஸ் 18 வந்தது, அந்த ஆண்டே மொனாக்கோவில் ஸ்டர்லிங் மாஸ் அதில் ஜெயித்தார். 1962-ல் லோட்டஸ் 25. குழாய்ச் சட்டத்துக்குப் பதிலாக அலுமினியத் தகட்டில் மடித்துச் செய்த தொட்டி, மானோகாக். பெட்ரோல் டிரைவரின் இருபக்கமும் இருந்ததால், ஓட ஓட டாங்க் காலியானாலும் முன்பின் சமநிலை அதிகம் மாறாது. டிரைவரைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்தார். ஜிம் கிளார்க் 1963-ல் பத்துப் போட்டியில் ஏழை ஜெயித்துச் சாம்பியன். 1965-ல் மறுபடியும் சாம்பியன், அதோடு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 வெற்றியும். அந்த டிராக்கில் எல்லா வளைவும் இடப்பக்கம்தான். வளைவில் பாரம் வலப்பக்கச் சக்கரங்களுக்குத் தாவும். அதற்காக அந்த லோட்டஸ் 38-ன் உடம்பையே சக்கரங்களுக்கு நடுவில் வைக்காமல் இடப்பக்கம் தள்ளிப் பொருத்தினார். 1967-ல் லோட்டஸ் 49, அதில் காஸ்வொர்த் என்ஜினே வண்டியின் பின்பாதிச் சட்டம். பின்சக்கர சஸ்பென்ஷன் என்ஜினிலும் கியர் பாக்ஸிலும் தொங்கியது. முதல் போட்டியிலேயே வெற்றி.

இவ்வளவும் பாராட்டுத்தான். ஆனால் இந்த ஆளை எனக்கு முழுசாகப் பிடிக்குமா என்றால், இல்லை.

1960-ல் பெல்ஜியம் ஸ்பா டிராக்கில் பயிற்சியின்போது மாஸின் லோட்டஸ் 18-ல் ஒரு பின்சக்கரம் கழன்றது. இரு கால்களும் முறிந்தன. அதே நாளில் இன்னொரு லோட்டஸ் 18-ல் ஸ்டியரிங் தண்டு உடைந்தது, அந்த ஓட்டுநரின் பந்தய வாழ்க்கை அதோடு முடிந்தது. 1968 ஏப்ரல் 7 அன்று ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் கிளார்க் இறந்தார். டயரில் காற்று இறங்கியதே காரணம் என்பது பெரும்பாலோர் முடிவு, அதைச் சாப்மன் தலையில் கட்ட முடியாது. அந்தச் சாவு அவரை உலுக்கிவிட்டது. ஆனால் 1969-ல் பார்சிலோனாவில் ஒரே போட்டியில் கிரஹாம் ஹில், யோக்கன் ரிண்ட் இருவர் காரிலும் உயரமான பின் இறக்கை முறிந்து விழுந்தது. அதன் பிறகு ரிண்ட் சாப்மனுக்கு ஒரு கடிதம் எழுதினார். லோட்டஸின் வேகத்தில் அவருக்குக் குறையில்லை. பலவீனமான பாகங்களில் கொஞ்சம் எடை கூட்டச் சொல்லித்தான் கேட்டார்.

அடுத்த ஆண்டு லோட்டஸ் 72 வந்தது. மூக்கிலிருந்த ரேடியேட்டரை இரண்டாக்கி டிரைவரின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோனதால் பாரம் பின்னே நகர்ந்தது, மூக்கு ஆப்பு போல ஆனது. முன் பிரேக்குகளைச் சக்கரத்திலிருந்து எடுத்து வண்டியின் உடம்புக்குள் வைத்தார். ஸ்பிரிங்குக்குக் கீழே குதிக்கிற எடை குறையும், டயர் ரோட்டை விடாது. நல்ல யோசனைதான். ஆனால் பிரேக் சக்கரத்திலேயே இருந்தால் நடுவில் தண்டு தேவையில்லை. உள்ளே வைத்தால் பிரேக்கின் முழு முறுக்கும் ஒரு மெல்லிய தண்டு வழியாகப் போயாகணும். 1970 செப்டம்பர் 5, இத்தாலி மோன்சா. பயிற்சியில் பிரேக் போடும்போது ரிண்டின் காரில் வலது முன் தண்டு உடைந்தது. கார் இடப்பக்கம் இழுத்துத் தடுப்பில் மோதியது. அவர் பெல்ட்டை முழுசாகக் கட்டியிருக்கவில்லை, தடுப்பும் சரியில்லை என்பதெல்லாம் உண்மைதான். ரிண்ட் இறந்தார். அதுவரை சேர்த்த புள்ளிகளை யாரும் தாண்ட முடியாததால், இறந்தபின் உலகச் சாம்பியன் ஆன ஒரே ஆள் அவர்தான். இத்தாலியில் நடந்த வழக்கில் சாப்மன் விடுவிக்கப்பட்டார். தண்டை மாற்றிப் பலப்படுத்தி, அதே 72-ல் 1972-ல் எமர்சன் ஃபிட்டிபால்டி சாம்பியன் ஆனார். பலப்படுத்திய பிறகும் கார் ஜெயித்தது என்பதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அந்தச் சில கிராம்கள் முன்னமே அங்கே இருந்திருக்கலாம்.

காருக்கு அடியில் ஓடும் காற்றைக் கொண்டே காரை ரோட்டில் அமுக்கும் வித்தையை லோட்டஸ் 78, 79 கார்களில் கொண்டுவந்தார். எடையைக் கூட்டாமல் டயருக்குப் பாரம் கூட்டுகிற தந்திரம்! 1978-ல் மரியோ ஆண்ட்ரெட்டி சாம்பியன்.

கடைசி அத்தியாயம் டிலோரியன். ஜான் டிலோரியன் என்ற அமெரிக்கர், பிரிட்டிஷ் அரசுப் பணத்தில் வட அயர்லாந்தில் ஆலை கட்டி, துருப்பிடிக்காத எஃகுத் தகடு போர்த்திய கார் செய்யக் கிளம்பினார். வடிவமைப்பைச் சீர்செய்யும் வேலை 1978-ல் லோட்டஸுக்கு வந்தது. சாப்மனின் முதுகெலும்பு மாதிரியான சேஸிஸ், ஆனால் வி-6 என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்கியது. முன்னால் 35, பின்னால் 65 சதவீதம். அதைச் சமாளிக்கப் பின்சக்கரத்தில் முன்னதைவிட அகலமான டயர். எடை 1,200 கிலோவுக்கு மேல். வாழ்நாளெல்லாம் பாரத்தை நடுவுக்கு இழுத்தவரின் கம்பெனி இப்படி ஒரு பின்பார வண்டியை முடித்துக் கொடுத்தது.

1982-ல் டிலோரியன் கம்பெனி திவாலானது. லோட்டஸுக்கென்று போன பணத்தில் ஒன்றே முக்கால் கோடி டாலர் போல வேறு எங்கோ திருப்பிவிடப்பட்டது தெரியவந்தது. விசாரணை நெருங்கிக்கொண்டிருந்தபோது, 1982 டிசம்பர் 16 அன்று மாரடைப்பில் சாப்மன் காலமானார். வயது 54. அவருடைய கணக்கு நிர்வாகி 1992-ல் மூன்று ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். சாப்மன் உயிரோடு இருந்திருந்தால் அவருக்குக் குறைந்தது பத்து ஆண்டு கிடைத்திருக்கும் என்று அந்த நீதிபதி குறிப்பிட்டார்.